நாயும் கோழியும் ஒரே முற்றத்தில்: துரத்தாமல் இருக்கப் பழக்கும் முறை

வீட்டில் நாய் இருக்கும்போது நாலு நாட்டுக்கோழி வாங்கி விட நினைப்பவர்கள், "எங்க நாய் கடிக்காது, ரொம்ப சாது" என்று நம்பித் தொடங்குவார்கள். கடிக்கும் என்று வைத்துக்கொண்டே ஏற்பாட்டைத் தொடங்குங்கள். படபடவென்று இறக்கை அடித்து ஓடும் பறவையைக் கண்டால் எந்த நாய்க்கும் பின்னால் ஓடத் தோன்றும். பசிக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. வயிறு நிறையச் சோறு தின்ற நாயும் துரத்தும். உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, உதறுவது என்று வேட்டைக் குணம் படிப்படியாக ஏறும். துரத்தல் தொடங்கிவிட்டால் நீங்கள் போடும் கூப்பாடு அதன் காதில் ஏறாது. உற்றுப் பார்க்கும் முதல் படியிலேயே அதன் கவனத்தை உங்கள் பக்கம் திருப்பக் கற்றுக்கொடுப்பதுதான் மொத்தப் பயிற்சியும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனதில் வையுங்கள். துரத்துவதே நாய்க்குப் பரிசு. கோழி பிடிபட வேண்டும் என்றுகூட இல்லை. ஒருமுறை துரத்தி ருசி கண்டுவிட்டால், பத்து நாள் பழக்கியது அந்த அரை நிமிடத்தில் போய்விடும். அதனால் பழகி முடியும்வரை நாயும் கோழியும் கட்டுப்பாடில்லாமல் சந்திக்கும் வாய்ப்பே இருக்கக் கூடாது.

எந்த நாய்க்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம்

சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்த்த நாட்டு நாய் இனங்கள். கண்ணில் பட்ட அசைவுக்குப் பாய்வது அவற்றின் உடம்பிலேயே ஊறியது. இவை கயிற்றில் இருக்கும்போது அமைதியாகப் பழகும். ஆனால் அவிழ்த்துவிட்டு நம்பலாம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ராஜபாளையம், கோம்பை இரண்டும் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பயன்பட்டவை. வீட்டைச் சேர்ந்தது எது என்று குட்டியிலேயே புரியவைத்தால் கோழியையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் நாய்கள் இவற்றில் உண்டு. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் பிறப்பதுண்டு. அப்படிப்பட்டதற்குச் சொல் கட்டளையோடு நிற்காமல் கைச்சாடையும் பழக்க வேண்டும். லாப்ரடார் கடித்துக் குதறாது என்பது பெரும்பாலும் சரி, ஆனால் வாயில் கவ்வித் தூக்கி வரும். மேலே காயமே இல்லாத கோழி அந்த அதிர்ச்சியிலேயே சாகலாம். ஜெர்மன் ஷெப்பர்டு கோழிகளை ஒரு மூலைக்கு மடக்கிக்கொண்டே இருக்கும். கடிக்காவிட்டாலும் அந்த விரட்டலில் முட்டை குறையும்.

இனத்தைவிட வயது முக்கியம். பிறந்த மூன்றாவது வாரம் முதல் மூன்று, மூன்றரை மாதம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அது அதற்குச் சாதாரணமாகிவிடும். அந்தப் பருவத்தில் வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தினமும் கோழியைப் பார்த்த குட்டிக்குப் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி ஆறு மாதத்துக்கு மேல் வரும். அதுவரை கோழியோடு படுத்துக் கிடந்த நாய் திடீரென்று துரத்தும். ஒன்றரை வயது வரை இது வந்து போகும். "பழகின நாய்தானே" என்று அவிழ்த்துவிட்டு ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

முதலில் வேலி

பயிற்சி நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரத்துக்கு. நீங்கள் இல்லாத நேரத்துக்கு வலைதான். ஆறுகோண ஓட்டை போட்ட கோழி வலை கோழியை உள்ளே வைக்க உதவும், நாயை வெளியே நிறுத்தாது. மனது வைத்தால் அதைப் பல்லால் கிழித்துவிடும். அடைப்புக்கு ஒரு அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை) போடுங்கள். கீழிருந்து இரண்டடி உயரத்துக்கு அரை அங்குலக் கண் இருந்தால் கீரியும் நுழையாது, குஞ்சும் தலையை வெளியே நீட்டாது. வலையின் அடிப்பகுதியை ஒரு அடி ஆழம் புதையுங்கள். தரை பாறையாக இருந்தால், வெளிப்பக்கம் இரண்டடி அகலத்துக்கு வலையைத் தரையோடு படியவிட்டு மேலே கல்லும் மண்ணும் போடுங்கள். நாய் வேலியை ஒட்டித்தான் பறிக்கும். வலை காலில் தட்டியதும் விட்டுவிடும்.

உயரம் ஆறடியாவது வேண்டும். வேட்டை நாய்கள் ஐந்தடியை ஓடி வந்து தாண்டும். நாட்டுக்கோழியும் அதே ஐந்தடியை உள்ளிருந்து வெளியே பறக்கும். அதற்கு ஒரு பக்க இறக்கையின் வெளி ஓரத்துப் பெரிய இறகுகளை மட்டும் பாதி நீளம் வெட்டலாம். இரண்டு பக்கமும் வெட்டினால் சமநிலை கெடாமல் கொஞ்சம் பறக்கும், அதனால் ஒரு பக்கம்தான் வெட்ட வேண்டும். புதிதாக முளைத்து, தண்டில் ரத்தம் ஓடும் இறகைத் தொடாதீர்கள். பஞ்சாரத்தை (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை) நம்பிக் குஞ்சை விடுபவர்கள் மேலே ஒரு கனமான கல் வைத்தாலும், நாய் மூக்கால் நெம்பிக் கவிழ்த்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஆள் இருக்கும்போது மட்டும் பஞ்சாரம் போதும்.

கையில் இருக்க வேண்டியவை

ஆறடிக் கயிறு ஒன்று. இருபது, முப்பது அடிப் பருத்திக் கயிறு ஒன்று, நுனியில் கைப்பிடி வளையம் இல்லாமல் (வளையம் செடியிலும் கல்லிலும் மாட்டும்). மெல்லிய நைலான் கயிறு கையை அறுத்துவிடும், வேண்டாம். கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ். பாய்ந்து இழுத்தால் கழுத்துப்பட்டை தொண்டையை அழுத்தும், கழுத்து மெலிந்து தலை குறுகிய சிப்பிப்பாறைக்குத் தலைவழியே நழுவியும் விடும்.

தின்பண்டம் பட்டாணி அளவில், மென்று நேரம் போக்காமல் விழுங்கும்படி இருக்க வேண்டும். உப்புப் போடாமல் வேகவைத்த ஈரல் நல்லது. வெந்த கோழிக்கறி கொடுத்தால் உயிர்க்கோழி மேல் ஆசை வந்துவிடும் என்று பலர் பயப்படுவார்கள். அந்தப் பயம் தேவையில்லை. நாய்க்கு வெந்த கறியும் முற்றத்தில் கிளறும் கோழியும் ஒன்றாகத் தெரியாது. இறகும் ரத்தமுமாகக் கிடைப்பதுதான் தொல்லை, அதற்குப் பின்னால் வருகிறோம்.

கோழி இல்லாத இடத்தில் இரண்டு வாரம்

கோழிப் பக்கமே போகாமல் நாலு பாடம் முடிக்க வேண்டும்: பெயர் சொன்னால் திரும்புவது, "வா", "படு", "விடு". சொல் எதுவானாலும் வீட்டில் எல்லோரும் ஒரே சொல் சொல்ல வேண்டும். அப்பா "விடு" என்றும் பிள்ளைகள் "நோ" என்றும் பாட்டி "ச்சீ போ" என்றும் சொன்னால் நாய்க்கு மூன்றும் வெறும் சத்தம்.

இவற்றில் "விடு" தான் கோழியைக் காப்பாற்றப்போகிறது. மூடிய கைக்குள் ஈரல் துண்டை வைத்து நீட்டுங்கள். நக்கும், பிறாண்டும், பேசாமல் இருங்கள். மூக்கைப் பின்னால் இழுத்த அந்த நொடியில் "சரி" என்று சொல்லி, மற்றக் கையிலிருந்து வேறு துண்டைக் கொடுங்கள். நீட்டிய கையில் இருப்பது ஒருபோதும் கிடைக்கக் கூடாது. பிறகு உள்ளங்கை திறந்து, பிறகு தரையில் வைத்து, பிறகு கடந்து நடந்து. இந்த இடத்தில் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். தரையில் கிடக்கும் பிஸ்கட்டை விட்டுவிடும் நாய், ஓடும் கோழியையும் விட்டுவிடும் என்று பொருளில்லை. அசையும் பொருளிலும் பழக்க வேண்டும். உருட்டிவிட்ட பந்து, கயிற்றில் கட்டி இழுத்த துணி, கடைசியாகப் படபடக்கும் பிளாஸ்டிக் பை. துணி வேகமாக ஓடும்போதும் "விடு" என்றதும் உங்கள் முகத்தைப் பார்க்கிறதென்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

தூரத்தில் தொடங்குங்கள்

கோழிகள் அடைப்புக்குள். நாய் ஆறடிக் கயிற்றில், முப்பதடி தள்ளி. நாய்க்குச் சோறு வைப்பதற்கு முன், ஓடவிட்டு அலுத்த பிறகு, ஐந்து நிமிடம். காலை ஒன்று, மாலை ஒன்று. நாள் முழுக்கக் கட்டிப்போட்ட நாயை நேராகக் கோழி முன்னால் கொண்டுவந்தால் அது பாடம் படிக்கும் நிலையில் இருக்காது.

கோழியைப் பார்த்ததும், உற்றுப் பார்ப்பதற்குள் "சரி" சொல்லி ஈரல் கொடுங்கள். மறுபடி பார்க்கும், மறுபடி கொடுங்கள். இரண்டு மூன்று நாளில், கோழியைப் பார்த்துவிட்டுத் தானாகவே உங்களைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கும். அதன் பிறகு திரும்பினால் மட்டும் பரிசு. அடுத்தடுத்து இரண்டு வேளை அமைதியாக இருந்தால் மூன்றடி நெருங்குங்கள். ஒரு வேளை தவறினால் ஆறடி பின்வாங்குங்கள். பின்வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அவசரப்பட்டு நெருங்கியதால்தான் பெரும்பாலான பயிற்சி கெடுகிறது.

தவறுகிறது என்று எப்படித் தெரியும்? குரைப்பதும் இழுப்பதும் எல்லோருக்கும் தெரியும். ஏமாற்றுவது அசையாமல் படுத்திருக்கும் நாய். "பாரு, எவ்வளவு அமைதியா பார்க்குது" என்று சொல்வார்கள். கிட்டே போய்ப் பாருங்கள். வாய் இறுக மூடியிருக்கும். காது முன்னால் குவிந்திருக்கும். கண் இமைக்காது. முன்னங்கால் ஒன்று லேசாகத் தூக்கியிருக்கும், அல்லது பின்னங்கால்கள் உடம்புக்கு அடியில் மடங்கிப் பாய்வதற்குத் தயாராக இருக்கும். வால் ஆடாது, ஆடினாலும் நுனி மட்டும் விறைப்பாக அசையும். தொடையில் மெல்லிய நடுக்கம்கூட இருக்கும். மூக்கருகில் ஈரலைக் காட்டினாலும் திரும்பாது. இது பதுங்கல். உண்மையில் அலுத்துப்போன நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், ஒரு பக்கமாக இடுப்பைச் சாய்த்துப் படுக்கும், தரையை மோப்பம் பிடிக்கும், கொட்டாவி விடும், வேறு பக்கம் பார்க்கும். ஈரலை எடுத்துத் தின்கிறதா என்பது நம்பகமான சோதனை. எப்போதும் பறித்துத் தின்னும் நாய் ஈரலைத் தொடவில்லையென்றால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள்.

வலையருகே வந்துவிட்டால், ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள். நாய் பக்கத்தில் படுக்கட்டும். கால் மணி, இருபது நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் இப்போது பாடம். சில நாள் கழித்து உள்ளே ஒரு பிடி கம்பு வீசச் சொல்லுங்கள், கோழிகள் ஓடிவரும். அதற்கும் அசையாவிட்டால், உள்ளே ஒருவர் நடந்து கோழிகளை இலேசாக விரட்டட்டும். சேவல் கூவல், இறக்கை அடிப்பு, மண்ணில் புரண்டு குளிப்பது எல்லாம் வலைக்கு அந்தப் பக்கம் பார்த்து அலுத்துப்போக வேண்டும்.

வலை இல்லாமல்

முதல் சில நாள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நாயோடு, ஒருவர் கோழியோடு. மூன்று நாலு மூத்த, நிதானமான பெட்டைகளை மட்டும் வெளியே விடுங்கள். எதற்கும் அலறும் இளம் வெடக்கோழி வேண்டாம். கம்பு தூவி, அவை தலையைக் குனிந்து பொறுக்கும்போது நாயைக் கொண்டுவாருங்கள். நேராகக் கோழியை நோக்கி நடக்காமல் வளைந்து, பக்கவாட்டில் நடங்கள். கயிறு தொங்கலாக இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்த கயிறே நாயை உசுப்பிவிடும்.

இரண்டு மூன்று வாரம் இப்படி நடந்த பிறகு, கயிற்றைக் காலால் மிதித்து நாற்காலியில் உட்காரலாம். அதற்குப் பின் நீளக் கயிற்றை நாய் தரையில் இழுத்துக்கொண்டு திரியட்டும். நீங்கள் நுனியிலிருந்து ஐந்தடிக்குள் இருங்கள். வேகமெடுத்தால் ஓடிப்போய்ப் பிடிப்பதைவிட மிதிப்பது சுலபம். இந்தக் கட்டத்தில் வாய்க்கூடை போடலாம். மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் உள்ள கூடை வகையாக இருக்க வேண்டும். வாயைச் சேர்த்துக் கட்டும் துணிப்பட்டை நம் வெயிலுக்கு ஆபத்து. வாய்க்கூடை போட்ட நாயும் கோழியை மிதித்து நசுக்கும் என்பதால் கவனத்தைக் குறைக்க வேண்டாம்.

குட்டிக்கு இரண்டு மூன்று மாதம், வளர்ந்த நாய்க்கு ஆறு மாதம் வரை ஆகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாய் இருந்தால் தனித்தனியே பழக்கி முடித்த பிறகே சேர்த்துக் கொண்டுவர வேண்டும். தனியே சாதுவாக இருக்கும் இரண்டு நாய்கள் சேர்ந்தால் ஒன்று ஓட மற்றதும் ஓடும்.

பழகிய நாயும் தவறும் இடங்கள்

சோற்றுத் தட்டு. நாய் தின்றுகொண்டிருக்கும்போது கோழி வந்து தட்டில் கொத்தும். இத்தனை நாள் கோழியை ஏறெடுத்தும் பார்க்காத நாய் ஒரே கவ்வில் முடித்துவிடும். இது வேட்டை இல்லை, தன் சோற்றைக் காப்பது. நாய்க்கு உள்ளே, கதவு சாத்திச் சோறு வையுங்கள். தின்றதும் தட்டை எடுத்துவிடுங்கள். எலும்பு கடிக்கக் கொடுப்பதும் அப்படியே (வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும், அது எந்த நாய்க்கும் கூடாது).

கோழி அடிக்கும் நாள். பிடிக்க ஓடுவது, கோழி அலறுவது, பின்கட்டில் வைத்து அறுப்பது, குடலையும் தலையையும் நாய்க்கு வீசுவது. பல வீடுகளில் வழக்கம் இதுதான். மாதக்கணக்கில் கற்றுக்கொடுத்ததற்கு நேர் எதிரான பாடம் இது. பிடிப்பதற்கு முன்பே நாயை வீட்டுக்குள் கட்டுங்கள். கோழியை இரவில், அடைந்திருக்கும்போது சத்தமில்லாமல் பிடித்து வையுங்கள். கழிவையும் செத்த குஞ்சுகளையும் இரண்டடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். குப்பையில் வீசினால் நாய் கண்டுபிடித்துவிடும்.

விடியற்காலை. மரத்தில் அடையும் நாட்டுக்கோழிகள் முருங்கையிலிருந்தோ மாமரத்திலிருந்தோ சடசடவென்று இறங்கும். கூண்டு திறந்ததும் பாய்ந்து வெளியே வரும். கோழிகள் இறங்கி, பொறுக்கத் தொடங்கி அரை மணி ஆகும்வரை நாயைக் கட்டியே வையுங்கள். பிள்ளைகள் கோழியை விரட்டி விளையாடினாலும் இதே ஆபத்து. நாய் அந்த ஆட்டத்தில் சேர்ந்துகொள்ளும்.

குஞ்சு பொரிக்கும் காலம். கோழிக்குப் பழகிய நாய்க்குக் குஞ்சு புதிய பொருள். கீச்சுச் சத்தமும் குறுகுறு ஓட்டமும் எலியைப் போலவே இருக்கும். இரண்டு மாதமாவது தாயையும் குஞ்சுகளையும் தனி அடைப்பில் வைத்து, தூரத்தில் தொடங்கிய பாடத்தை மறுபடி முதலிலிருந்து நடத்துங்கள். அடைக்கோழியிடம் ஒரு கொத்து வாங்கினால் நாய்க்குட்டி அடங்கிவிடும் என்று கிராமத்தில் சொல்வது ஓரளவு உண்மைதான். ஆனால் கோழி குறிவைப்பது கண்ணை. சண்டைச்சேவல் முள்ளும் அப்படித்தான். வேண்டுமென்றே அப்படி விட்டுப் பழக்காதீர்கள்.

முட்டை. கோழி முட்டையிடும் கூடையை நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கொக்கரிப்புக் கேட்டதும் போய் எடுங்கள். ஓட்டோடு முட்டையை நாய்க்குக் கொடுத்தால் அடுத்த நாள் அதுவே தேடிப்போகும்.

செய்யவே கூடாதவை

செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிடுவது பழைய வழக்கம். அழுகிய நாற்றத்தோடு நாலு நாள் திரிவதால் நாய்க்கு ஒன்றும் புரியாது, நோய்தான் வரும். அடிப்பதும் அப்படியே. அடி விழுந்தால் உங்கள் முன்னால் துரத்தக் கூடாது என்று மட்டும் கற்றுக்கொள்ளும். ஷாக் காலர் (மின்அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டை) மாட்டினால், வலியைக் கோழியோடு சேர்த்துப் புரிந்துகொண்டு, விளையாட்டாகத் துரத்தியதை விட்டுக் கோபத்தோடு கடிக்கத் தொடங்கிய நாய்கள் உண்டு.

கடித்துவிட்டால்

கத்தாமல் நாயைக் கட்டுங்கள். கோழியைப் பிடுங்க இழுத்தால் காயம் பெரிதாகும். ஈரலைக் காட்டியோ, நாயின் இடுப்பைத் தூக்கியோ விடவையுங்கள். செத்திருந்தால் தின்ன விடக் கூடாது. உயிரோடிருந்தால் முதுகிலும் தொடையிலும் இறகை விலக்கிப் பாருங்கள். பல் இறங்கிய ஓட்டை வெளியே சின்னதாக இருக்கும், உள்ளே தோல் கழன்றிருக்கும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒன்றரை தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கழுவி, நீர்த்த போவிடோன் அயோடின் தடவி, இருட்டான பெட்டியில் தனியே வையுங்கள். ஈ மொய்த்தால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். நாயின் வாய்க் கிருமி வேகமாகப் பரவும் என்பதால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தால் எத்தனை நாள் முட்டை தின்னக் கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நாய்க்குப் பாடம் மறுபடி முப்பதடியில் தொடங்கும்.

உடல்நலம்

கோழி எச்சத்தை நாய் தின்னும். கோழியின் ரத்தக்கழிச்சல் நாய்க்குத் தொற்றாது, ஆனால் சால்மோனெல்லா வரலாம். நாய் நக்கிய கையைக் கழுவாமல் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது. கோழியின் கண்ணோரத்திலும் கொண்டையிலும் கரும்புள்ளியாக ஒட்டிக்கொள்ளும் தெள்ளு நாயின் காது ஓரத்திலும் ஏறும். ஒன்றில் பார்த்தால் மற்றதையும் பாருங்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை மருத்துவரைக் கேட்காமல் கோழிக்குப் போடாதீர்கள், முட்டையில் தங்கிவிடும். தீவனத்துக்கு எலி வரும் என்று எலி மருந்து வைத்தால், அதைத் தின்ற எலியைத் தின்று நாய் சாகலாம். தீவனத்தை மூடியுள்ள டப்பாவில் வைத்து, எலிக்குப் பொறி வையுங்கள். கீரியோடு நாய் சண்டை போட்டிருந்தால், ஆண்டுத் தடுப்பூசி போட்டிருந்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள். கீரி வெறிநோயைச் சுமக்கும்.

எத்தனை மாதம் பழக்கியும் அடங்காத நாய்கள் உண்டு. அதை விரட்டவோ கொடுத்துவிடவோ தேவையில்லை. நேரத்தைப் பங்கு போடுங்கள். காலை ஆறரையிலிருந்து மாலை ஆறு வரை முற்றம் கோழிக்கு. நாய் முன்வாசலிலோ, இருபதடிக் கம்பியில் வளையம் கோத்து ஓடும் கயிற்றிலோ, நிழலும் தண்ணீருமாக இருக்கட்டும். காலையில் கோழி இறங்கும் முன் ஒரு நடை கூட்டிப்போங்கள். இருட்டியதும் கோழிகள் கூண்டில் அடைந்து, தாழ்ப்பாளைச் சரிபார்த்தபின் நாயை முற்றத்தில் விடுங்கள். கூண்டுக்கும் நாய்க்கும் நடுவில் இரண்டடி இடைவெளி விட்டு இன்னொரு வலை இருந்தால், இரவெல்லாம் மோப்பம் பிடித்துக் கோழிகளைக் கலைக்காது. நாய் சுற்றும் முற்றத்துக்கு மரநாயும் காட்டுப்பூனையும் வரத் தயங்கும்.